கர்ப்ப காலமும் கண்களும்

(பெங்களூர் கிளையின் மகளிர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேச அழைத்தபோது காடராக்ட் பற்றியோ க்ளாக்கோமா பற்றியோ பேசுவேன் என்றுதான் நிர்வாகிகள் நினைத்தார்கள். நம் கூட்டங்களுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள் என்பதால் அது நியாயமான எண்ணம்தான். "கர்ப்பிணிகளின் கண்ணைப் பற்றிப் பேசுகிறேன்" என்று நான் சொன்னதும், "மாமி, கர்ப்பத்துக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விதான் இன்றைய பேச்சு.

நம் ஊரில் 1913-ல் இப்போதைய கட்டடத்துக்கு வந்த மின்டோ கண் ஆஸ்பத்திரியும், 1935-ல் திறந்த வாணி விலாஸ் பிரசவ ஆஸ்பத்திரியும் நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன. ஆனால் நம் வீடுகளில் கண் வேறு, பிரசவம் வேறு. கர்ப்பிணி வாந்தி என்றால் கவனிக்கிறோம், இடுப்பு வலி என்றால் கவனிக்கிறோம். கண் மங்கலாக இருக்கிறது என்றால், "பலஹீனம், நாலு நாளில் சரியாகிவிடும்" என்கிறோம். பெரும்பாலும் அது உண்மையும்கூட. உண்மையில்லாத அந்தச் சில சமயங்களைப் பற்றிச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். முதலில் என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன்.

ஹோமப் புகை

1974-ஆம் வருஷம். மல்லேஸ்வரத்தில் எங்கள் வீட்டில் மன்னிக்கு வளைகாப்பும் சீமந்தமும். எட்டாம் மாதம். நான் அப்போது மருத்துவக் கல்லூரி மாணவி. காலையில் வளையல்காரர் வந்து உட்கார்ந்தார். அளவெடுத்து வாங்கிய வளையல் மன்னியின் கையில் ஏறவில்லை. சோப்பு நுரை தடவி ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். "பிள்ளைத்தாச்சி நன்னாப் பூசினாப்பல இருக்கா" என்று மாமிகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஹோமம் முடிந்து எழுந்தபோது மன்னி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "கண்ணு மங்கலா இருக்கு. முன்னாடி பொட்டுப் பொட்டா என்னமோ மின்றது. தலையும் தெறிக்கறது. நீ டாக்டருக்குத்தானே படிக்கறே, என்னன்னு பாரேன்" என்றாள். நான் பார்க்கவில்லை. "ஹோமப் புகைதான் மன்னி. ஜில்லுன்னு தண்ணி விட்டு அலம்பிக்கோங்கோ" என்று சொல்லிவிட்டுப் பந்தி விசாரிக்கப் போய்விட்டேன்.

அன்று இரவு பதினோரு மணிக்கு மன்னிக்கு வலிப்பு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நினைவு திரும்பியதும் அவள் முதலில் கேட்டது, "ஏன் இருட்டா இருக்கு? விளக்கைப் போடுங்கோளேன்." விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. மூன்றாம் நாள் காலை பார்வை திரும்பியது. குழந்தை திரும்பவில்லை.

நான் பிற்பாடு கண் மருத்துவம் படித்ததற்கு அந்த இரவு ஒரு காரணம். படித்த பிறகு புரிந்தது: வளையல் ஏறாத கை, தெறிக்கிற தலை, மின்னுகிற கண் மூன்றும் ஒரே நோயின் அடையாளங்கள். மூன்றையும் நான் என் கண்ணாலேயே பார்த்திருந்தேன்.

கவலை வேண்டாதவை

பயமுறுத்துவது என் நோக்கமில்லை. அதனால் சாதாரண மாற்றங்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கர்ப்ப காலத்தில் உடம்பு முழுவதும் நீர் சேர்கிறது. கால் வீங்குவது போலவே, கண்ணின் முன்பக்கம் கண்ணாடி போல இருக்கிற கருவிழிப் படலமும் சற்றுத் தடிக்கும், அதன் வளைவும் மாறும். அதனால் கண்ணாடியின் நம்பர் கொஞ்சம் மாறலாம். கான்டாக்ட் லென்ஸ் உறுத்தலாம். இவை பிரசவமாகிச் சில வாரங்களில் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆகவே அவசரப்பட்டுப் புதுக் கண்ணாடிக்குச் செலவு செய்யாதீர்கள். லென்ஸ் உறுத்தினால் கழற்றி வைத்துவிட்டுப் பழைய கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள். லேசர் மூலம் கண்ணாடியைப் போக்கிக்கொள்ளும் லாசிக் சிகிச்சையைக் கர்ப்ப காலத்தில் செய்வதில்லை. தாய்ப்பால் கொடுத்து முடித்து, நம்பர் நிலையாக நின்ற பிறகே யோசிக்க வேண்டும்.

கண்ணீர்ச் சுரப்பு குறைந்து கண் உலர்வது, மணல் விழுந்தாற்போல் அறுப்பது, இவையும் சாதாரணம். டாக்டரைக் கேட்டு, பிரிசர்வேடிவ் சேராத செயற்கைக் கண்ணீர் மருந்து விட்டுக்கொள்ளலாம். மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து வேண்டாம். கண்ணில் விடும் மருந்தும் ரத்தத்தில் கலக்கும். க்ளாக்கோமாவுக்கு ஏற்கெனவே மருந்து விட்டுக்கொள்பவர்கள் கர்ப்பம் என்று தெரிந்ததும், முடிந்தால் அதற்கு முன்பே, கண் டாக்டரிடம் சொல்லுங்கள். கர்ப்ப காலத்தில் கண்ணின் அழுத்தம் பொதுவாகச் சற்றுக் குறையும் என்பதால் மருந்தை மாற்றவோ குறைக்கவோ அவரால் முடியும். நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

மூக்குக்கண்ணாடி இல்லாத வீடு நம்மவர்களிடம் அபூர்வம். அதனால் இதையும் சொல்ல வேண்டும். "மைனஸ் பவர் அதிகம், முக்கினால் விழித்திரை கிழிந்துவிடும், சிசேரியன்தான்" என்று பலரும் நம்புகிறார்கள். 1980-களிலும் 1990-களிலும் கிட்டப்பார்வை அதிகமுள்ள பெண்களைப் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் பரிசோதித்துப் பார்த்தார்கள். சிறிய ஆய்வுகள்தான், ஆனாலும் சுகப்பிரசவத்தால் விழித்திரை பிய்ந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கிட்டப்பார்வை மட்டும் சிசேரியனுக்குக் காரணமாகாது. கர்ப்ப காலத்தில் ஒருமுறை விழித்திரையைப் பரிசோதித்துக்கொண்டால் மனமும் நிம்மதியாக இருக்கும்.

"பிரசவமானவள் படிக்கக் கூடாது, கண் போய்விடும்" என்று பாட்டிமார்கள் சொல்வதுண்டு. படிப்பதால் கண் போகாது. ஆனால் குழந்தை தூங்கும் நேரத்தில் புத்தகத்தையும் செல்போனையும் வைத்துவிட்டு அவளும் தூங்கட்டும் என்ற பொருளில் பாட்டி சொன்னதாக எடுத்துக்கொண்டால், அது நல்ல யோசனைதான்.

அகத்திக்கீரை

பாட்டிமார்கள் சொன்னதில் முழுக்கச் சரியானதும் உண்டு. ஏகாதசி உபவாசமிருந்து துவாதசி பாரணையில் அகத்திக்கீரை சேர்க்கிறோம் அல்லவா? அகத்தி, முருங்கை, அரைக்கீரை எல்லாவற்றிலும் உடம்பு வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளும் கரோட்டீன் நிறைய இருக்கிறது. அது உடம்பில் சேர நெய்யோ எண்ணெயோ கொஞ்சம் வேண்டும். கர்ப்பிணிக்கு, முக்கியமாகக் கடைசி மூன்று மாதங்களில், வைட்டமின் ஏ போதாவிட்டால் மாலைக்கண் வரலாம். விளக்கு வைத்த பிறகு வாசற்படி தட்டுப்படாமல் தடுமாறுகிறாள் என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை. "சத்துதானே" என்று வைட்டமின் ஏ மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் அது அளவுக்கு மீறினால் சிசுவுக்கு ஊனம் ஏற்படலாம். கீரையில் அந்த அபாயம் இல்லை.

சர்க்கரை உள்ளவர்களுக்கு

இனி, கவலைப்பட வேண்டியவை. முதலாவது சர்க்கரை. இதில் இரண்டு வகையைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

கர்ப்பத்தில் புதிதாக வரும் சர்க்கரை ஒரு வகை. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1978-ல் நீரிழிவுத் துறையைத் தொடங்கிய டாக்டர் வி. சேஷையா இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழியைப் பரப்பினார். சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து, 2 மணி நேரம் கழித்து ரத்தத்தில் பார்ப்பது. 140-ஐ எட்டினால் கர்ப்ப கால நீரிழிவு. இது அந்தச் சில மாதங்களில் விழித்திரையைக் கெடுப்பது அபூர்வம். ஆனால் தாய்க்கும் குழந்தைக்கும் வேறு சிக்கல்களைத் தரும் என்பதால் கட்டுப்படுத்தியே ஆக வேண்டும்.

கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை உள்ளவர்கள் மற்றொரு வகை. இப்போது கல்யாணம் முப்பதை ஒட்டி நடக்கிறது. உட்கார்ந்த இடத்து வேலை. முப்பது வயதில் சர்க்கரை என்பது ஆச்சரியமாக இல்லை. இவர்களுக்கு விழித்திரையின் ரத்தக் குழாய்களில் ஏற்கெனவே கசிவு இருந்தால், கர்ப்பத்தில் அது வேகமாக முற்றும். வலி இருக்காது. பார்வை கடைசிவரை நன்றாகவே இருக்கும். ஆகவே குழந்தைக்குத் திட்டமிடும்போதே, தவறினால் முதல் மூன்று மாதத்துக்குள், பாப்பாவில் மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்க வேண்டும். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிரசவத்துக்குப் பிறகு ஓராண்டு வரை டாக்டர் சொல்லும் கணக்கில். தேவைப்பட்டால் கர்ப்ப காலத்திலும் லேசர் சிகிச்சை செய்யலாம், குழந்தைக்கு ஒன்றும் ஆகாது.

ரத்த அழுத்தமும் கண்ணும்

இரண்டாவதுதான் என் மன்னிக்கு வந்தது. ப்ரீ-எக்லாம்ப்சியா என்று பெயர். பெயரை மறந்தாலும் பரவாயில்லை, அடையாளத்தை மறக்காதீர்கள்.

20 வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90-க்கு ஏறுவதும், பெரும்பாலும் சிறுநீரில் புரதம் போவதும் இந்த நோய். 160/110 என்றால் கடுமையானது. நஞ்சுக்கொடியில் ஆரம்பிக்கும் கோளாறு உடம்பு முழுவதும் ரத்தக் குழாய்களைப் பாதிக்கிறது. கண்ணுக்குள் விழித்திரையின் குழாய்கள் சுருங்குகின்றன. சிலருக்கு விழித்திரைக்கு அடியில் நீர் கோத்துக்கொள்கிறது. சிலருக்குக் கண்ணில் ஒரு கோளாறும் இருக்காது. மூளையின் பின்பக்கத்தில் பார்வையை உணரும் பகுதியில் வீக்கம் வந்து, கண் திறந்திருந்தும் இருட்டாகிவிடும். மன்னி விளக்கைப் போடச் சொன்னது அதனால்தான்.

கண் மங்குவது, மின்னல் போலத் தெறிப்பது, கரும்புள்ளிகள் தெரிவது, இரண்டிரண்டாகத் தெரிவது, சற்று நேரம் பார்வை மறைந்து திரும்புவது, இவை இந்த நோய் வலிப்பை நோக்கிப் போகிறது என்பதற்கான அறிகுறியாக இருக்கலாம். கூடவே விடாத தலைவலி, வலது விலா எலும்புக்குக் கீழ் வலி, முகத்திலும் கையிலும் திடீர் வீக்கம் இருந்தால் ஒரு நிமிஷமும் யோசிக்க வேண்டாம். கண் டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்க வேண்டாம், நேரே பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரவு பன்னிரண்டு மணியானாலும் போங்கள்.

ஹோமத்தை நான் குறை சொல்லவில்லை. புகை கண்ணைக் கரிக்கும், நீர் வரும், வெளியே காற்றில் உட்கார்ந்தால் அடங்கும். புகையால் கண்ணுக்குள் மின்னல் தெறிக்காது. அந்த வித்தியாசம் 1974-ல் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நல்ல வழிகள் இன்று உண்டு. மெக்னீசியம் சல்பேட் என்ற மருந்து வலிப்பைத் தடுக்கும். பேதி உப்பு என்று நாம் சொல்வது அதுவேதான், ஆனால் இங்கே ஆஸ்பத்திரியில் ஊசியாகக் கொடுக்கிறார்கள். 33 நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் நடந்த 'மேக்பை' ஆய்வு 2002-ல் வெளியானது. இந்த மருந்து வலிப்பு வரும் அபாயத்தைப் பாதிக்கும் கீழே கொண்டுவருகிறது என்று அது நிரூபித்தது. அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு, கர்ப்பத்தின் ஆரம்பத்திலேயே டாக்டர் குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுத்தால் நோய் சீக்கிரம் வருவதையே பெருமளவு தடுக்கலாம் என்று 2017-ல் வெளியான மற்றொரு ஆய்வு காட்டியது. தாய்க்கோ சகோதரிக்கோ இந்த நோய் வந்திருந்தால் பெண்ணுக்கும் வாய்ப்பு அதிகம். ஆகவே முதல் செக்கப்பிலேயே அதைச் சொல்ல வேண்டும். "பழைய கதை எதற்கு, அபசகுனமாக" என்று மறைக்காதீர்கள்.

கம்ப்யூட்டர்தான் காரணமா?

பழைய கதையை மறைக்காததால் என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். முதல் குழந்தை போன நாலு வருஷம் கழித்து மன்னிக்கு ஒரு பெண் பிறந்தாள், கவனமாகப் பார்த்துக்கொண்டு நல்லபடியாகவே. அவள் படித்து, ஒயிட்ஃபீல்டில் சாஃப்ட்வேர் வேலைக்குப் போனாள். 2009-ல் அவளுக்கு எட்டாம் மாதம். பத்து நாள் முன்னால் செக்கப்பில் எல்லாம் நார்மல். ஒருநாள் சாயங்காலம் எனக்குப் போன் செய்தாள். "அத்தை, நாள் பூரா கம்ப்யூட்டர் பார்த்துக் கண்ணு கூசறது. ஜிகினா மாதிரி என்னமோ மின்றது. சொட்டு மருந்து ஏதாவது சொல்லேன்."

நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து மன்னியின் குரல் கேட்டது. "அன்னிக்குப் புகைன்னா. இன்னிக்குக் கம்ப்யூட்டரா? எழுந்திரு, ஆட்டோவைக் கூப்பிடு."

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது 170/110. மருந்து கொடுத்து, குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கும் ஊசி போட்டு, இரண்டாம் நாள் பிரசவம். 33 வாரம், 1,600 கிராம். தாயும் பிழைத்தாள், குழந்தையும் பிழைத்தது. 35 வருஷம் முன்னால் மன்னிக்கு நான் செய்யாததை, மன்னி தன் பெண்ணுக்குத் தானே செய்தாள்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். இந்த நோய் பிரசவத்தோடு முடிந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. பிரசவமாகி ஆறு வாரம் வரை திடீரென்று வரலாம். அந்தச் சமயத்தில் பெண் பிறந்தகத்தில் பத்தியச் சாப்பாட்டோடு இருப்பாள். தலைவலி, கண் மங்கல் என்றால் "தூக்கம் போதவில்லை" என்பார்கள். அப்போதும் ரத்த அழுத்தம் பாருங்கள்.

குறைமாதக் குழந்தையின் கண்

தாய்க்காகச் சீக்கிரம் பிரசவம் பார்த்தால் குழந்தை குறைமாதத்தில் பிறக்கிறது. விழித்திரையின் ரத்தக் குழாய்கள் பத்து மாதம் நிரம்பும்போதுதான் முழுமையாக வளர்ந்து முடியும். முன்னதாகப் பிறந்தால் அவை தாறுமாறாக வளர்ந்து பார்வையைப் பறிக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் கண் அழகாகவே இருக்கும். 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கும், 2 கிலோவுக்குக் குறைவான குழந்தைக்கும் 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்தாக வேண்டும். மிகவும் சிறிய குழந்தைகளுக்கு இன்னும் முன்னதாக. "நாற்பது நாள் தீட்டு கழியட்டும், வெளியே எடுத்துப் போகக் கூடாது" என்று தள்ளிப்போட்டால் காலம் கடந்துவிடும்.

இந்த விஷயத்தில் நம் ஊர் பெருமைப்படலாம். 2008-ல் நாராயண நேத்ராலயாவில் டாக்டர் ஆனந்த் வினேகர் 'கிட்ராப்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். பயிற்சி பெற்ற தொழில்நுட்ப ஊழியர்கள் காமிராவோடு கர்நாடகத்தின் மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்குப் போய்க் குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைப் படமெடுக்கிறார்கள். பெங்களூரில் இருக்கும் நிபுணர் அந்தப் படத்தைப் பார்த்து, சிகிச்சை வேண்டுமா என்று சொல்கிறார். உரிய நேரத்தில் லேசர் செய்தால் பார்வையைக் காப்பாற்ற முடிகிறது.

எங்கள் குழந்தைக்கும் மூன்றாம் வாரத்தில் பரிசோதனை ஆயிற்று. சிகிச்சை தேவைப்படவில்லை. இப்போது அவளுக்குக் கண்ணாடி உண்டு, குறைமாதக் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது சகஜம். நன்றாக வயலின் வாசிக்கிறாள்.

ஒரு வேண்டுகோள்

முடிப்பதற்கு முன் ஒரு வேண்டுகோள். நம் வீடுகளில் தாத்தாவுக்காக வாங்கிய பி.பி. மெஷின் பீரோ மேலே இருக்கிறது. வளைகாப்பு, சீமந்தத்துக்குத் தேங்காய், பழம், வளையல், புடவை என்று ஜாபிதா போடும்போது அந்த மெஷினையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மணையில் உட்காருவதற்கு முன்னால் ஒருமுறை பாருங்கள். 140/90-ஐத் தொட்டால் அன்றே டாக்டரிடம் போங்கள், முகூர்த்தத்தை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மெஷின் நார்மல் காட்டினாலும் கண்ணில் மின்னல் இருந்தால் அதை நம்பி வீட்டில் உட்காராதீர்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் 2016-லிருந்து ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடக்கிறது. உங்கள் வீட்டில் சமையலுக்கும் பாத்திரத்துக்கும் உதவ வரும் பெண்களுக்கும் இதைச் சொல்லுங்கள். அவர்கள் வீட்டுக் கர்ப்பிணிக்கும் இதே இரண்டு கண்கள்தான்.

மாமியார்களுக்கும் அம்மாக்களுக்கும் தனியாக ஒரு வார்த்தை. மாட்டுப்பெண்ணோ பெண்ணோ, "கண்ணு என்னமோ மாதிரி இருக்கு" என்றால், காரணம் கண்டுபிடித்துச் சமாதானம் சொல்லாதீர்கள். என்ன தெரிகிறது, எப்போதிலிருந்து, தலைவலி உண்டா என்று மூன்று கேள்வி கேளுங்கள். அன்று மன்னி என்னிடம் கேட்டது, "என்னன்னு பாரேன்" என்பது மட்டும்தான்.

 எல்லோர் வீட்டிலும் தாயும் சேயும் க்ஷேமமாக இருக்க வேண்டும்.